ஸ்விஃப்ட் கூரை மேல பார் போடணும், பெயிண்ட் போகாம எப்படி?

கிழக்குத்தாம்பரம்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2018 ஸ்விஃப்ட், வெள்ளை. கூரையில பார் மாட்டற ரெயில் கிடையாது, போல்ட் போடற ஓட்டையும் கிடையாது. மொட்டைக் கூரை.

பொண்ணு கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கறா. இவ்வளவு நாளும் அங்கேயே வாடகைக்கு போர்டு எடுத்தோம். இப்ப அவளுக்குன்னு 8 அடியில ஒரு ஃபோம் போர்டு வாங்கியாச்சு. பின் சீட்டை மடக்கி, முன் சீட்டைப் படுக்க வச்சு உள்ள விட்டுப் பார்த்தோம். மூக்கு டேஷ்போர்டுல இடிக்குது, டிக்கி மூட மாட்டேங்குது. மூடினாலும் வீட்டுல மத்தவங்க உட்கார இடம் இருக்காது. அதனால கூரை மேல ரெண்டு பார் போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். தாம்பரத்துலேர்ந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கோவளம். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்தான் போவோம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ரெண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர், "டபுள் சைடு டேப்புல ரெயில் ஒட்டித் தரேன், அது மேல பார் மாட்டிக்குங்க"ன்னார். இன்னொருத்தர், "டேப் நிக்காது சார், நாலு ஸ்க்ரூ அடிச்சு சிலிக்கான் வச்சு அடைச்சுடலாம்"னார். கூரையில ஓட்டைன்னு கேட்டதுமே வெளியே வந்துட்டேன். ஆன்லைன்ல பார்த்தா கதவு ஓரத்துல கொக்கி மாட்டி இறுக்கற பார் வருது. ஓட்டை வேண்டாம். ஆனா அதை வாங்கினவங்க நிறைய பேர், கொக்கி உட்கார்ற இடத்துல பெயிண்ட் உரிஞ்ச போட்டோ போட்டிருக்காங்க.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். சமீபத்துல வீட்டுத் தென்னையிலேர்ந்து காய் விழுந்து கூரை நடுவுல நசுங்கிடுச்சு. டிங்கரிங் பண்ணி கூரை முழுசும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு. நல்லா வந்திருக்கு, கண்ணுக்கு வித்தியாசமே தெரியல. அதைத் திரும்ப கீறிக்க மனசு வரல.

எந்த மாதிரி பார் வாங்கறது, எப்படி மாட்டறது? அனுபவம் உள்ளவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

ஸ்ப்ரேகன்:

சார், அம்பத்தூர் பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வச்சிருக்கேன். பார் போட்டு ஓரம் போன வண்டிங்க என் கைக்கு வந்துக்கிட்டே இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

அந்த ரெண்டு கடை யோசனையும் வேண்டாம். ஒட்டற ரெயில் அழகுக்குப் போடறது. டேப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல அடிக்கற கண்ணாடி மாதிரி பூச்சை. ஓடும்போது காத்து போர்டைத் தூக்கும், அந்த இழுப்பு மொத்தமும் பெயிண்ட் மேல வரும். உங்க கூரை புது பெயிண்ட் வேற. டேப் நல்ல டேப்பா இருந்தா அது நிக்கும், பெயிண்ட் படலமா கிளம்பி அதோட வந்துடும். போர்டு பின்னாடி வர்ற பைக்காரர் மேல விழுந்தா அப்புறம் பெயிண்ட்டைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

ஸ்க்ரூ அதைவிட மோசம். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் கூட இருக்காது. அதுல ஸ்க்ரூவோட ஒண்ணு ரெண்டு மரைதான் பிடிக்கும். ஓட்டையைச் சுத்தி வெறும் இரும்பு. சிலிக்கான் நம்ம ஊர் வெயில்ல நாளடைவுல ஓரம் விடும், தண்ணி உள்ள இறங்கும், மேல் லைனிங் நனைஞ்சு கறை வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். வினிகர் மாதிரி புளிச்ச வாசனை வர்ற சிலிக்கான் வச்சு அடைச்சா அந்த அமிலமே இரும்பை அரிக்க ஆரம்பிச்சுடும். கடலோரம் போற வண்டிக்கு இதைச் செய்யவே கூடாது.

ஒரு வார்த்தை மத்தவங்களுக்கும். கம்பெனியிலேர்ந்தே ரெயிலோட வர்ற வண்டியிலயும் சிலது வெறும் பிளாஸ்டிக் அலங்காரம்தான், எடை தாங்காது. வண்டியோட வர்ற மேனுவல்ல கூரை மேல எவ்வளவு கிலோ ஏத்தலாம்னு போட்டிருப்பாங்க. 30, 50, 75ன்னு வண்டிக்கு வண்டி மாறும். அந்தக் கணக்குல பாரோட எடையும் சேர்த்தி. உங்களுக்கு ஒரு ஃபோம் போர்டுதான், எடையைப் பத்திக் கவலையில்ல. காத்துதான் கவலை.

உங்க கூரைக்கு கதவு ஓரத்துல கொக்கி மாட்டற வகைதான் சரி. ஆனா "எல்லா வண்டிக்கும் பொருந்தும்"னு விக்கறது வேண்டாம். நீங்க பார்த்த உரிஞ்ச போட்டோ பெரும்பாலும் அந்த ரகமாத்தான் இருக்கும். தூலே, யாகிமா மாதிரி கம்பெனிங்க பாரும் அதைத் தாங்கற காலும் பொதுவா விப்பாங்க, கிட் மட்டும் வண்டி மாடலுக்குத் தனி. கிட்டுல வர்றது ரெண்டே சாமான்: காலுக்கு அடியில உட்கார்ற ரப்பர் பேட், கதவு ஓரத்தைப் பிடிக்கற கொக்கி. அந்த ரப்பரைத் திருப்பிப் பாருங்க, உங்க கூரையோட வளைவுக்குன்னே வார்த்திருப்பாங்க, முழுசா படிஞ்சு உட்காரும். பொதுப் பேட் தட்டையா இருக்கும். வளைஞ்ச கூரையில அது ரெண்டு ஓரத்துலதான் படும். எடை, இறுக்கம் எல்லாம் அந்த ரெண்டு கோட்டுல இறங்கி, தகடு லேசா அமுங்கி, கோடு விழுந்துடும். விலை கூடத்தான், மறுக்கல. கூரையைத் திரும்ப அடிக்கற செலவோட வச்சுப் பாருங்க.

இப்ப பெயிண்ட் எப்படிப் போகுதுன்னு சொல்றேன், இதுதான் முக்கியம். பார் பெயிண்ட்டைக் கீறறதில்ல, ரப்பர் கீறறதில்ல. நடுவுல மாட்டின மண்ணு கீறுது. கம்பெனி பெயிண்ட் அடியிலேர்ந்து மேல வரைக்கும் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். அதுல மேல இருக்கற கிளியர் கோட் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடி கனமே 70 மைக்ரான் வரும்னா பார்த்துக்குங்க. கடற்கரை மணல்ல இருக்கற குவார்ட்ஸ் இரும்பையே கீறும். கூரையில படிஞ்ச தூசி மேல ரப்பரை வச்சு இறுக்கி, வண்டலூர் ரோட்டுல ஒவ்வொரு வேகத்தடையிலயும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்துக்கிட்டே வந்தா, நாங்க வாட்டர் பேப்பர்ங்கற உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. காலைக் கழட்டிப் பார்த்தா பேட் இருந்த இடத்தோட ஓரத்துல அரைநிலா வடிவத்துல ஒரு மங்கல் இருக்கும். நடுவுல பளபளப்பு அப்படியே இருக்கும், ஓரத்துல மட்டும் பால் கலந்த மாதிரி. மண்ணு ஓரமாத்தான் உள்ள நுழையும், அதான் காரணம். கம்பவுண்ட்ங்கற பாலிஷ் பசை போட்டு எடுத்துடலாம்தான். ஆனா ஒவ்வொரு தடவை கம்பவுண்ட் போடறப்பவும் கிளியர் கோட் கொஞ்சம் போகுது, அது திரும்பி வராது.

கொக்கி பிடிக்கற இடம் இன்னும் நாசூக்கு. கதவைத் திறந்து, கதவுல இல்ல, கூரைப் பக்கம் இருக்கற சட்டத்தோட மேல் விளிம்பை விரலால தடவிப் பாருங்க. பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே கூர்மையான ஓரத்துலேர்ந்து பின்வாங்கும். அதனால மொத்த வண்டியிலயும் பெயிண்ட் மெலிசா இருக்கறது இந்த மாதிரி விளிம்புலதான். அங்கதான் இரும்புக் கொக்கி வந்து பிடிக்குது. ரப்பர் உறை போட்ட கொக்கியா இருந்தாலும் சரி, அங்க காப்பு ஃபிலிம் (கீழ சொல்றேன்) ஒட்டாம மாட்டாதீங்க.

செய்யற முறை இது. வண்டியை நிழல்ல நிறுத்துங்க. மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை வெயில்ல நின்ன கூரையில எதுவும் செய்யாதீங்க, கூரை ஆறணும். ஷாம்பு போட்டு நல்லா கழுவுங்க. கழுவும்போது கதவு நாலையும் திறந்து, மேல் விளிம்பு, கதவு வாசலைச் சுத்தி வர்ற பீடிங் ரப்பரோட மடிப்பு, கூரை ஓரமா நீளமா ஓடற கறுப்பு ரப்பர் பட்டி, எல்லாத்தையும் துணி விட்டுத் துடைங்க. நம்ம ஆளுங்க கூரையைப் பளபளன்னு கழுவிட்டு பீடிங் மடிப்புல விரல் விட மாட்டாங்க. அங்கதான் ஒரு கைப்பிடி மண்ணு உட்கார்ந்திருக்கும். காஞ்சதும் கால் உட்கார்ற நாலு இடம், கொக்கி பிடிக்கற நாலு இடம், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சுடுங்க. தின்னர் தொடவே கூடாது, உங்க புது பெயிண்ட்டைக் கரைச்சு எடுத்துடும்.

அப்புறம் ஃபிலிம். பிபிஎஃப்னு சொல்ற பெயிண்ட் காப்பு ஃபிலிம், டிபியுங்கற நெகிழ்ற பிளாஸ்டிக் வகை, 150லேர்ந்து 200 மைக்ரான் கனம் இருக்கும். வண்டி முழுக்க ஒட்டற கடைகள்ல வெட்டி மிச்சமான துண்டு கேட்டா கிடைக்கும், உங்களுக்கு அதுவே தாராளம். மலிவா வர்ற பிவிசி ஃபிலிம் வெயில்ல மஞ்சளாகி, எடுக்கும்போது பசையைக் கூரையிலயே விட்டுட்டு வரும். துண்டை ரப்பர் பேட்டைவிடச் சுத்திலும் ஒரு விரல் அகலம் பெருசா வெட்டுங்க. மூலையை வட்டமா வெட்டணும், கூர் மூலைதான் முதல்ல தூக்கும். பாட்டில் தண்ணியில ரெண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, கூரையிலயும் ஃபிலிம் பசைப் பக்கத்துலயும் தெளிச்சு, வச்சு நகர்த்தி, நடுவுலேர்ந்து வெளியே தண்ணியைத் தள்ளுங்க. கதவு விளிம்புல ஒட்டறதை உள்பக்கம் வரைக்கும் மடிச்சு ஒட்டணும். ஹேர் டிரையரால லேசா சூடு காட்டினா மடங்கிப் படியும். அன்னிக்கே பார் மாட்டாதீங்க, ஒரு முழு நாளாவது காய விடுங்க.

செல்லோ டேப், மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு மேல பார் மாட்டறதைப் பார்த்திருக்கேன். வேண்டாம். ஒரு வாரம் வெயில்ல கிடந்தா பசை வெந்து கூரையில ஒட்டிக்கும், அதை எடுக்கறதுக்குள்ள பெயிண்ட் போயிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைக்கறதும் அப்படித்தான். கறுப்பு ரப்பர்ல இருக்கற எண்ணெய் சூட்டுல வெள்ளை பெயிண்ட்டுக்குள்ள இறங்கி பழுப்பா கறை வரும். கம்பவுண்ட் போட்டாலும் போகாது, அது உள்ள ஊறினது.

மாட்டும்போது ரெண்டு பேர் வேணும், வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். கூரை நடுவுல ஒரு சுத்தமான போர்வையை விரிச்சுக்குங்க. பார் கை நழுவினா அது மேல விழட்டும். பார் வாங்கினவங்க கூரையில நான் பார்த்த ஆழமான கீறல் எல்லாமே ஓடும்போது வந்தது இல்ல, மாட்டும்போது ஒத்தைக் கையால இழுத்ததுல வந்தது. பாரை மேல வச்சு இழுத்து நகர்த்தாதீங்க. தூக்கி, நகர்த்தி, வைங்க. முன் கண்ணாடியோட மேல் ஓரத்துலேர்ந்து முன் பார் எத்தனை சென்டிமீட்டர்ல வரணும்னு கிட் தாள்ல இருக்கும். டேப் வச்சு ரெண்டு பக்கமும் அளந்துக்குங்க. ஸ்விஃப்ட்ல பின் கதவு குட்டை, அதனால ரெண்டு பாருக்கும் நடுவுல இடம் கம்மியாத்தான் வரும். 8 அடி போர்டுக்கு அது பரவாயில்ல, மூக்கை மட்டும் தனியா கட்டணும். அதைச் சர்ஃபிங் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

இறுக்கறது கடைசி. ஒரு பக்கம் முழுசா இறுக்கிட்டு மறுபக்கம் போனா பார் அந்தப் பக்கமா இழுத்துட்டுப் போய் ரப்பர் பெயிண்ட் மேல தேயும். இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்து, இப்படியே மாறி மாறி. நல்ல கிட்டோட வர்ற சாவி சரியான இறுக்கம் வந்ததும் டிக்குன்னு விட்டுக்கும். அதோட நிறுத்துங்க. "இன்னும் கொஞ்சம்"னு ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி இறுக்கினா கூரை ஓரம் மடங்கும், கதவு மேல் விளிம்பு வளையும், அது எங்க கையிலயும் சரியா வராது. தளர்வா விட்டாலும் தப்புதான், நகர்ந்து நகர்ந்து தேய்க்கும். சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்க பாரைப் பிடிச்சு உலுக்குங்க. வண்டியே சேர்ந்து ஆடணும், பார் மட்டும் ஆடக் கூடாது. முதல் தடவை கேளம்பாக்கம் வந்ததும் நிறுத்தி ஒரு தரம் சாவி போட்டுப் பார்த்துடுங்க. ரப்பர் அமுங்கிக் கொடுக்கும், கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கதவை மூடும்போது கொக்கி பீடிங்கை வெட்டுதான்னும் பாருங்க. நியூஸ் பேப்பர் கீத்து ஒண்ணைக் கொக்கிக்குப் பக்கத்துல வச்சுக் கதவை மூடி இழுங்க. பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா பீடிங் நல்லா மூடுது. சும்மா வந்துட்டா மழைத் தண்ணி அந்த வழியா உள்ள வரும், கொக்கியைக் கொஞ்சம் சரி பண்ணணும்.

கடலோரம்:

கோவளத்துலதான் இருக்கேன், போர்டு ஏத்தி இறக்கறதே வேலை. ஸ்ப்ரேகன் அண்ணன் பெயிண்ட் பத்திச் சொன்னதுல நான் சேர்க்க ஒண்ணுமில்ல. போர்டு பக்கம் சொல்றேன்.

ஒரே ஒரு ஃபோம் போர்டு, இவ்வளவு தூரம்னா பார் கட்டாயம் இல்ல சார். சாஃப்ட் ரேக்னு துணி உறை போட்ட ஃபோம் திண்டு வருது. கூரை மேல குறுக்கே ரெண்டு திண்டு வச்சு, பட்டையைக் கதவு வழியா உள்ள விட்டுக் கட்டிடுவாங்க. வந்ததும் அவுத்து டிக்கியில போட்டுடலாம். இங்க வர்ற நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க. மழை பெஞ்சா பட்டை வழியா தண்ணி உள்ள சொட்டும், ஹைவேயில வேகமா போக ஆகாது, இந்த ரெண்டும்தான் குறை. நாளைக்கு ரெண்டாவது போர்டு வாங்கி மகாபலிபுரம், புதுச்சேரின்னு போறதா இருந்தா பாரே நல்லது.

போர்டை வைக்கறப்ப வேக்ஸ் (கால் வழுக்காம இருக்கத் தேய்க்கற மெழுகு) தேய்ச்ச பக்கம் கீழே, ஃபின்னுங்கற துடுப்பு மேலே வானத்தைப் பார்த்து, ஃபின் இருக்கற வால் பக்கம் வண்டிக்கு முன்னாடி. ஃபின் பட்டையில மாட்டிக்கிட்டு போர்டு பின்னாடி நழுவாது. ஆனா வெயில் ஏறினா வேக்ஸ் உருகும். உருகினது பார் மேல வழிஞ்சு கூரையில சொட்டினா மண்ணை ஒட்ட வச்சுப் பிடிச்சுக்கும், அப்புறம் எதை வச்சுத் துடைச்சாலும் கீறல்தான். போர்டுக்கு ஒரு பை வாங்கிடுங்க. ஃபோம் போர்டு சிலதுக்கு வேக்ஸே தேவைப்படாது, பொண்ணுகிட்ட கேளுங்க.

கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கற ரேச்செட் பட்டை வேண்டாம், லாரிக்கு ஆகறது. ஒரு கிளிக் கூடப் போனா போர்டு நசுங்கும், பாரும் கீழே இழுபடும். நுனியை இழுத்தா அப்படியே பிடிச்சுக்கற கேம் பக்கிள் பட்டையைக் கையால இழுத்த அளவுக்கு இறுக்கினா போதும். பக்கிள் இரும்பு. அதைக் கூரைக்கு மேல தூக்கிப் போடாதீங்க, அந்தப் பக்கம் நடந்து போய் கையில வாங்குங்க. பக்கிளுக்கு ஒரு துணி உறை கட்டிடுங்க. பட்டையோட மிச்ச நுனி தொங்கினா ஈசிஆர் காத்துல படபடன்னு அடிச்சு ஒரே நாள்ல பெயிண்ட்டை மங்க வச்சுடும், நல்லா சுத்தி முடி போடுங்க. போர்டு மேல போற பட்டையில ஒரு முறுக்கு கொடுத்தா வண்டி ஓடும்போது ஹோன்னு ஊளையிடற சத்தம் வராது.

முன்பக்கம் கட்டறதுக்கு கயிறை பானெட் மேல போட்டு பம்பர்ல கட்டாதீங்க, பானெட் பெயிண்ட் போயிடும். பானெட்டைத் திறந்து உள்ள இருக்கற போல்ட்டுல பட்டை வளையம் ஒண்ணு மாட்டி, மூடும்போது வளையம் மட்டும் வெளியே நிக்கற மாதிரி விட்டு, அதுலேர்ந்து நேரா மேல கட்டுங்க. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட தூக்கல் நாலு மடங்காகும். 60, 70ல போனா ஒரு பிரச்சினையும் இல்ல.

கடல்ல எடுத்த போர்டை அப்படியே ஏத்தாதீங்க. நல்ல தண்ணி ஊத்தி மணலைக் கழுவிட்டு, வால்ல நிறுத்தி வடிய விட்டு ஏத்துங்க. உப்புத் தண்ணி சொட்டி கூரையில காஞ்சா வெள்ளைப் பொட்டு விழும். காலுக்கு அடியில போய்த் தங்குச்சுன்னா அது இன்னும் மோசம்.

ஸ்காபரோ:

நான் கனடாவில இருக்கிறன். எங்கட வாகனத்தில பனிக்காலத்துக்கு கூரையில பெட்டி பூட்டுறனாங்கள். கடல் உப்பு இல்லை, இங்க றோட்டில பனி உருகக் கொட்டுற உப்பு. சேதம் ஒண்டுதான்.

ஒரு விசயம் சொல்லவேணும். மாட்டினதை மாதக்கணக்கா அப்பிடியே விடக்கூடாது. காலின்ர அலுமினியமும் உள்ளுக்க இருக்கிற இரும்புத் திருகாணியும் உப்புத்தண்ணியில சேர்ந்தா, அலுமினியம் அரிச்சு இறுகிப்போடும். பிறகு கழட்ட வெளிக்கிட்டா ஆணிதான் முறியும். இடைக்கிடை கழட்டி, காலையும் ரப்பரையும் நல்ல தண்ணியில கழுவி, காய விட்டுத் திரும்ப பூட்டுங்கோ. முதல்முறை அளந்து பூட்டேக்க, கதவைத் திறந்தா தெரியிற உள்விளிம்பில சின்ன அடையாளம் ஒண்டு வைச்சால் அடுத்தமுறை அளக்கத் தேவையில்லை, ஒவ்வொருமுறையும் அதே இடத்திலதான் வந்து இருக்கும்.

ஹை பிரஷர் தண்ணியைக் காலுக்குக் கிட்ட நேரா அடிக்க வேண்டாம். வெளியில கிடக்கிற மண்ணை ரப்பருக்குக் கீழ தள்ளிவிடுறது அதுதான்.

கிழக்குத்தாம்பரம்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. மகாபலிபுரம் போகணும்னு பொண்ணு இப்பவே சொல்லிட்டிருக்கா, அதனால மாடலுக்கான கிட்டோட பாரே வாங்கிடறேன். ஸ்ப்ரேகன் சார்கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி. கூரை பெயிண்ட் அடிச்சு மூணு வாரம்தான் ஆகுது. பெயிண்ட் பூத்துல வச்சு சூடு காட்டி பேக் பண்ணல, வெளியில காய வச்சதுதான். இதுக்கு மேல ஃபிலிம் ஒட்டலாமா? ரெண்டாவது, தேங்காய் விழுந்த இடத்துல பள்ளத்தை நிரப்ப பட்டி (புட்டி) வச்சிருக்காங்க. அது மேல எடை வந்தா விரிசல் விடுமா?

ஸ்ப்ரேகன்:

பேக் பண்ணாத பெயிண்ட்டுன்னா அவசரமே வேண்டாம். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அடியில இருக்கற தின்னர் மெதுவாத்தான் வெளியேறும். மேல ஃபிலிமை ஒட்டி மூடிட்டா அது போக வழியில்லாம கொப்புளம் விடும். பேக் பண்ணினதுக்கே 30 நாள் விடச் சொல்வோம். உங்களுக்கு ரெண்டு மாசம் விடுங்க. அதுவரைக்கும் வாடகை போர்டே இருக்கட்டும், இல்லேன்னா போர்டை அங்கேயே எங்கயாவது பத்திரமா வச்சுட்டு வர முடியுமான்னு கேளுங்க. கடலோரம் தம்பி சொன்ன திண்டும் இப்ப வேண்டாம். திண்டு முழு அகலத்துக்கும் கூரையில படும், இளம் பெயிண்ட்டுல துணியோட நெசவே அச்சா பதியும்.

அந்த ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணு பார்த்து வைங்க. கூரை மட்டும் அடிச்சவங்க எந்த இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி பெயிண்ட்டை நிறுத்தினாங்கன்னு கண்டுபிடிக்கணும். கதவைத் திறந்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்து, மேல் விளிம்பு நெடுக நகத்தை மெதுவா ஓட்டுங்க. புது பெயிண்ட்டும் பழைய பெயிண்ட்டும் சேர்ற இடத்துல நகம் லேசா தட்டும். அந்தக் கோடுதான் உங்க கூரையில ரொம்ப பலவீனமான இடம், உரிய ஆரம்பிச்சா அங்கேர்ந்துதான் உரியும். ஃபிலிமோட ஓரம் அந்தக் கோட்டு மேல முடியக் கூடாது. கோட்டைத் தாண்டி பழைய பெயிண்ட் வரைக்கும் போகட்டும். கோடு சரியா கொக்கி பிடிக்கற இடத்துலயே இருந்தா, அடிச்ச பட்டறைக்கே கொண்டு போய் அந்த ஓரத்தைத் தேய்ச்சுச் சமமாக்கித் தரச் சொல்லுங்க. சின்ன வேலை, அவங்களே செய்து கொடுக்கணும். அதோட, கதவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புது பெயிண்ட் ஓரம் ஒண்ணுல மாஸ்கிங் டேப்பை ஒட்டி உடனே வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க. டேப்போட பெயிண்ட் வந்தா ஃபிலிம் பேச்சே வேண்டாம், முதல்ல அவங்ககிட்ட போங்க.

பட்டி விஷயம். கூரை நடுவுலன்னு சொன்னீங்க. காலு நாலும் உட்கார்றது கூரை ஓரத்துல, நடுவுல ஒரு எடையும் வராது. இருந்தாலும் பட்டி எதுவரைக்கும் பரவியிருக்குன்னு பார்த்துடுங்க. சின்னக் காந்தம் ஒண்ணை மெல்லிசான துணியில சுத்திக் கூரையில வைங்க. தகடு இருக்கற இடத்துல நல்லா பிடிக்கும், பட்டி கனமா இருக்கற இடத்துல பிடிப்பு குறையும். அப்படியே ஓரத்தைப் பார்த்து நகர்த்திட்டு வாங்க, இழுக்காம எடுத்து எடுத்து வைங்க. கால் வர்ற இடத்துல காந்தம் கெட்டியா பிடிச்சா தைரியமா மாட்டுங்க. அங்க பிடிப்பு தளர்ந்திருந்தா, வண்டியை ஒரு நல்ல பட்டறையில காட்டி பெயிண்ட் கனத்தைக் காட்டற மைக்ரான் மீட்டர் வச்சு அளந்து பார்க்கச் சொல்லுங்க. வந்த அளவை இங்கயே போடுங்க, பார்த்துட்டு மேற்கொண்டு பேசலாம்.

பாரை வாரம் முழுக்க மேலயே விடாதீங்க. ஞாயித்துக்கிழமை திரும்பினதும் கழட்டி, ரப்பரைக் கழுவி, ஃபிலிம் மேல ஈரத்துணி போட்டு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. பழகிட்டா ரெண்டு பேருக்கு பத்து நிமிஷ வேலை. ஃபிலிம் அங்கேயே இருக்கட்டும். அது மங்கிப்போனா உரிச்சுட்டு வேற துண்டு ஒட்டிக்கலாம். உரிக்கும்போது ஹேர் டிரையரால சூடு காட்டி, மேல தூக்காம கூரையோட கூரையா படுக்க வச்சு இழுங்க.

தென்னை மட்டும் அப்படியே இருக்குன்னா வண்டியை வேற இடத்துல நிறுத்துங்க சார்.